மனிதரைத் தொற்றாத கொசு வைரஸ்கள்: எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எதற்காகத் தேடுகிறார்கள்?

“கொசுக்களில் புதிய வைரஸ்கள் கண்டுபிடிப்பு” என்று செய்தி வந்தால் படிப்பவருக்கு முதலில் எழுவது பயம்தான். டெங்கு, சிக்குன்குன்யா, ஜிகா எல்லாம் பார்த்தாகிவிட்டது, இது என்ன புதிதாக என்ற பயம். ஆனால் அண்மைக் காலத்தில் கொசுக்களிலிருந்து எடுத்துப் பெயரிடப்பட்ட வைரஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு மனிதரோடு எந்தத் தொடர்பும் இருப்பதாகத் தெரியவில்லை. அவை பூச்சியின் உடலுக்குள் மட்டுமே பெருகக்கூடியவை. இவற்றைப் ‘பூச்சிக்கே உரிய வைரஸ்கள்’ என்கிறார்கள்.

நோய் தராத வைரஸைத் தேடி ஏன் இவ்வளவு உழைக்க வேண்டும்? ஒரே கொசுவுக்குள் டெங்கு வைரஸோடு இவையும் சேர்ந்து குடியிருக்கின்றன, அதன் பரவலைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. நோய்க் கண்காணிப்புக்காகச் செய்யும் பரிசோதனைகளையும் சில நேரம் குழப்பிவிடுகின்றன. இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு கொசுவில் வைரஸ் ‘இருக்கிறது’ என்று ஆய்வாளர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? இந்தச் சொல்லுக்குப் பின்னால் நாலைந்து தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் விடை சொன்ன ஆய்வும், ஒன்றுக்கு மட்டும் விடை சொன்ன ஆய்வும் செய்தியில் ஒரே மாதிரி வந்துவிடுவதால்தான் குழப்பம்.

அடிப்படை: கொசு சுமக்கும் இரு வகை வைரஸ்கள்

டெங்கு வைரஸுக்கு இரண்டு வீடுகள் வேண்டும். மனித உடலில் பெருகி, ரத்தத்தோடு கொசுவின் குடலுக்குள் போய், குடல் சுவரைத் தாண்டி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, அடுத்த கடியில் வேறொருவர் உடலுக்குள் இறங்க வேண்டும். சிக்குன்குன்யா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெஸ்ட் நைல் போன்றவையும் முதுகெலும்பு உயிர், பூச்சி என்ற இந்த இரண்டு வீடுகளுக்கிடையே சுற்றுபவைதான்.

பூச்சிக்கே உரிய வைரஸுக்கு ஒரு வீடு போதும். பெண் கொசுவின் சூலகத்திலிருந்து முட்டைக்குள் புகுந்து, லார்வா, கூட்டுப்புழு, முதிர்ந்த கொசு என்று கூடவே வளர்ந்து அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். ரத்தம் வழியாகப் போக வேண்டிய தேவையே இதற்கு இல்லை.

உறவுமுறையில் பார்த்தால் இவை டெங்குவுக்கு அந்நியமும் இல்லை. டெங்கு வைரஸ் இருக்கும் ஃபிளேவிவைரஸ் குடும்பத்திலேயே பூச்சிக்கே உரியவை பல இருக்கின்றன. சிக்குன்குன்யாவின் ஆல்ஃபாவைரஸ் கூட்டத்திலும் உண்டு. இவற்றின் மரபுப்பொருள் ஆர்என்ஏ. ஃபிளேவிவைரஸ் ஒன்றின் ஆர்என்ஏ ஏறத்தாழ 11,000 எழுத்து நீளம். டெங்குவினுடையதும் கிட்டத்தட்ட அதே நீளம்தான், மரபணுக்கள் அமைந்திருக்கும் ஒழுங்கும் அதேதான். பரிசோதனைகளில் வரும் குழப்பத்துக்கு வேர் இந்த ஒற்றுமை.

ஆய்வகக் குடுவையிலிருந்து காட்டுக் கொசு வரை

1975இல் விக்டர் ஸ்டாலர், வர்ஜீனியா தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் வளர்த்துவந்த, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுச் செல்களின் வளர்ப்பு நீரை எடுத்து ஏடிஸ் ஆல்போபிக்டஸ் கொசுச் செல்களின் மேல் விட்டார்கள். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இணைந்து பெரிய உருண்டைகளாயின. காரணம் ஒரு வைரஸ். அதற்கு ‘செல்களை இணைக்கும் காரணி வைரஸ்’ என்று பொருள்படும் பெயரே நிலைத்தது. சோதித்த எந்த முதுகெலும்பு உயிரின் செல்லிலும் அது வளரவில்லை.

அதன் முழு மரபணு வரிசை 1992இல் வெளியானபோது, அது டெங்குவின் தூரத்து உறவு என்று தெரிந்தது. ஆனாலும் பல ஆண்டுகள் இதை ஆய்வகக் குடுவைக்குள் ஒளிந்திருந்த ஒரு விசித்திரமாகவே பார்த்தார்கள். அந்த எண்ணத்தை இரண்டு கண்டுபிடிப்புகள் மாற்றின. கென்யாவில் 1999இல், மழையில் நிரம்பிய தாழ்நிலக் குட்டைகளில் சேகரித்த ஏடிஸ் மகின்டோஷி லார்வாக்களிலும் கூட்டுப்புழுக்களிலும் அதன் நெருங்கிய உறவான காமிட்டி நதி வைரஸ் கிடைத்தது. ரத்தம் குடிக்கும் வயதையே எட்டாத புழுக்கள் அவை. ஆகவே வைரஸ் ரத்தம் வழியாக வந்திருக்க முடியாது. அடுத்து, போர்ட்டோ ரிக்கோவில் 2002இல் பிடித்த காட்டுக் கொசுக்களில் அந்தப் பழைய ஆய்வக வைரஸே இருப்பது 2006இல் வெளியானது. 2007இல் ஜப்பானிலிருந்து, க்யூலெக்ஸ் என்ற கொசு வகையில் கிடைத்த க்யூலெக்ஸ் ஃபிளேவிவைரஸ் பற்றிய அறிக்கை வந்தது. அதன்பிறகு அது பல நாடுகளிலும் தென்பட்டது.

இந்த வரலாற்றில் இந்தியாவின் பங்கு பெரிது, அதிகம் பேசப்படாததும் கூட. கொசு வைரஸை வளர்க்க உலகின் ஆய்வகங்களில் பெரும்பாலும் பயன்படுவது சி6/36 என்ற செல் வகை. இதை 1978இல் ஜப்பானியரான அகிரா இகராஷி பிரித்தெடுத்தார். அவர் எடுத்துக்கொண்ட மூலச் செல்கள், பூனா வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் கே.ஆர்.பி. சிங் ஏடிஸ் ஆல்போபிக்டஸ் லார்வாக்களிலிருந்து வளர்த்து 1967இல் வெளியிட்டவை. அந்த மையம்தான் இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம்.

களத்தில்: கொசுவைப் பிடிக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது

எந்தப் பொறியில் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து எந்தக் கொசு கிடைக்கும் என்பது மாறும். சிறு விளக்கும் விசிறியும் உள்ள ஒளிப்பொறியில், பக்கத்தில் உலர்பனி வைத்தால், கசியும் கரியமிலவாயுவை மூச்சுக்காற்று என்று நினைத்து ரத்தம் தேடும் பெண் கொசுக்கள் வரும். புல்லை ஊறவைத்துப் புளித்த நீருள்ள பொறிக்கு, ரத்தம் குடித்து முடித்து முட்டையிட இடம் தேடும் க்யூலெக்ஸ் வரும். பகலில் கடிக்கும் ஏடிஸுக்கு மனித வாடை வீசும் தனிப் பொறி உண்டு. தமிழ்நாட்டு வயல்வெளிக் கிராமங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆய்வுக்காக, பொழுது சாயும் நேரத்தில் மாட்டுத்தொழுவத்தைச் சுற்றியுள்ள செடிகளிலிருந்து உறிஞ்சுகுழாயால் கொசு பிடிப்பது நெடுநாள் வழக்கம்.

பிடித்த கொசுவை உயிரோடு அல்லது உறைநிலையில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆர்என்ஏ வெகு சீக்கிரம் சிதையும். செத்த கொசு வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே முடிவு கெடலாம். திரவ நைட்ரஜன், மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி என்று குளிர் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும்.

அப்புறம் பிரிக்கும் வேலை. குளிரூட்டிய தட்டில் கொசுக்களைப் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து இனம் பிரிப்பார்கள். இறகிலும் காலிலும் உள்ள செதில்களின் நிறம், மார்பின் மேலுள்ள வெள்ளைக் கோடு, உணர்கொம்பின் தூவி என்று பார்த்துப் போகும் பொறுமையான வேலை இது. இனம் தவிர இன்னும் மூன்று பிரிவினைகள் முக்கியம்.

1. ஆண், பெண். ஆண் கொசு ரத்தம் குடிக்காது. ஆணில் வைரஸ் கிடைத்தால் அது பெரும்பாலும் தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது கலவியில் ஒட்டியிருக்க வேண்டும்.

2. வயிற்றில் ரத்தம் உள்ளது, இல்லாதது. ரத்தம் நிறைந்த கொசுவை அரைத்தால், அது கடித்த மாட்டின் அல்லது பறவையின் வைரஸும் சேர்ந்தே வரும். அதைக் கொசுவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

3. லார்வா, முதிர்ந்த கொசு. லார்வாவில் கிடைப்பது தாய்வழிப் பரவலுக்குச் சான்றாகலாம். ஆனால் லார்வா குட்டையிலுள்ள பாசி, பூஞ்சை எல்லாம் தின்கிறது, அவற்றுக்கும் சொந்த வைரஸ்கள் உண்டு.

எத்தனை கொசுவை ஒன்றாக அரைப்பது?

ஆயிரக்கணக்கான கொசுக்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கப் பணம் போதாது. எனவே ஒரே இடத்தில், ஒரே இனத்தில், ஒரே பாலில் 25 அல்லது 50 கொசுக்களை ஒரு குழாயில் போட்டு அரைப்பார்கள். வெஸ்ட் நைல் போன்ற அரிய வைரஸைத் தேடும்போது இது நல்ல முறை. எங்கும் பரவிக் கிடக்கும் பூச்சி வைரஸுக்கு இதுவே கணக்கைக் கெடுத்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 கொசுக்கள், குழாய்க்கு 25 வீதம் 40 குழாய்கள். 10 குழாய்களில் வைரஸ் இருந்தால், குழாய்க்கு ஒரு கொசுவில்தான் தொற்று என்று வைத்தால் ஆயிரத்துக்கு 10. ஒரே குழாயில் இரண்டு மூன்று கொசுக்கள் தொற்றோடு இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்து நிகழ்தகவு முறையில் கணக்கிட்டால் ஆயிரத்துக்குச் சுமார் 11. பெரிய வித்தியாசம் இல்லை. இப்போது 40இல் 36 குழாய்களில் வைரஸ் என்று வையுங்கள். முதல் முறையில் ஆயிரத்துக்கு 36 வரும், இரண்டாவதில் சுமார் 88. இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். 40 குழாய்களிலும் வைரஸ் வந்துவிட்டால் எந்த முறையாலும் மேல் எல்லை சொல்ல முடியாது. பத்தில் ஒரு கொசுவா, பத்தில் ஒன்பதா என்று தெரியாமலே போய்விடும்.

அதனால்தான் பூச்சி வைரஸ் ஆய்வுகள் இப்போது குழாய்க்குச் சில கொசுக்கள் மட்டும் போடும் முறைக்கும் தனிக் கொசுச் சோதனைக்கும் நகர்கின்றன. கலிபோர்னியாவில் 148 கொசுக்களின் ஆர்என்ஏ எழுத்துகளைக் கொசுவுக்குக் கொசு தனித்தனியாகப் படித்த (வரிசைப்படுத்திய) ஆய்வு 2021இல் வெளியானது. கொசு எந்த இனம், எந்த விலங்கின் ரத்தம் குடித்தது, எந்தெந்த வைரஸ்கள் சேர்ந்து இருக்கின்றன என்ற மூன்றும் ஒவ்வொரு கொசுவுக்கும் அதில் ஒரே சோதனையில் கிடைத்தன. எந்த வைரஸ் எதோடு சேர்ந்து வருகிறது என்று அறிய இதை விட்டால் வழி குறைவு. 25 கொசுவை ஒன்றாக அரைத்த குழாயில் இரண்டு வைரஸ் கிடைத்தால், அவை ஒரே கொசுவில் இருந்தனவா, பக்கத்துப் பக்கத்துக் கொசுக்களில் இருந்தனவா என்று பிரிக்க வழியில்லை.

ஆய்வகத்தில்: தேடும் வழிகள்

1. செல் வளர்ப்பு. அரைத்த கொசுச் சாற்றை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தால் பாக்டீரியா தங்கிவிடும், சுமார் 50 நானோமீட்டர் அளவுள்ள ஃபிளேவிவைரஸ் கடந்து போகும். அதை சி6/36 செல்களில் விட்டு 28 டிகிரியில் வைத்துப் பார்ப்பார்கள். செல்கள் வீங்குகின்றனவா, இணைகின்றனவா, கழன்று மிதக்கின்றனவா என்று நாள்தோறும் கவனிப்பார்கள். உயிருள்ள வைரஸ் கையில் கிடைப்பது இந்த வழியில் மட்டுமே. ஆனால் பல பூச்சி வைரஸ்கள் செல்லுக்கு எந்தச் சேதமும் செய்யாமல் உள்ளேயே இருந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. இதற்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆர்என்ஏ வைரஸ் பெருகும்போது செல்லுக்குள் நீண்ட இரட்டை இழை ஆர்என்ஏ உண்டாகும். அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தினால், எந்த வைரஸ் என்று முன்கூட்டித் தெரியாமலே ‘இங்கே ஏதோ பெருகுகிறது’ என்று சொல்லிவிடலாம்.

2. ஆர்டி-பிசிஆர். கொரோனா காலத்தில் எல்லாரும் கேட்ட அதே முறைதான்: ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, தேடும் பகுதியை மட்டும் பலமுறை நகலெடுத்துப் பார்ப்பது. ஃபிளேவிவைரஸ்கள் பலவற்றுக்கும் பொதுவான, அதிகம் மாறாத ஒரு பகுதி என்எஸ்5 என்ற மரபணுவில் இருக்கிறது. அதைக் குறிவைத்துத் தேடினால் தெரிந்ததும் தெரியாததுமாகப் பல உறவு வைரஸ்களும் சேர்ந்து சிக்கும். இது வேகமானது, மலிவானது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு வெளியே உள்ள எதுவும் இதன் கண்ணில் படாது.

3. மொத்த ஆர்என்ஏவையும் வரிசைப்படுத்துதல். எதையும் முன்கூட்டிக் குறிவைக்காமல், கொசுவிலுள்ள ஆர்என்ஏ முழுவதையும் படித்து, கணினியில் பிரித்து, தெரிந்த வைரஸ் புரதங்களோடு ஒப்பிடுவது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு 220க்கும் மேற்பட்ட முதுகெலும்பில்லா இனங்களிலிருந்து 1,445 ஆர்என்ஏ வைரஸ்களைப் பட்டியலிட்டது இப்படித்தான். புதிய வைரஸ் செய்திகள் திடீரென்று பெருகியதற்கும் காரணம் இதுதான். வைரஸ்கள் கூடிவிடவில்லை, பார்க்கும் திறன் கூடியிருக்கிறது.

வரிசை கிடைத்தால் வைரஸ் கிடைத்ததாகுமா?

விஷயத்தின் கடினமான பகுதி இங்கேதான். கணினித் திரையில் வைரஸ் வரிசை தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு.

முதல் சிக்கல், கொசுவின் மரபணுத்தொகுதிக்குள்ளேயே புதைந்திருக்கும் பழைய வைரஸ் துண்டுகள். எப்போதோ தொற்றிய வைரஸின் ஆர்என்ஏ டிஎன்ஏவாகப் படியெடுக்கப்பட்டு, கொசுவின் குரோமோசோமிலேயே ஒட்டி, தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. ஏடிஸ் கொசுக்களில் ஃபிளேவிவைரஸ் துண்டுகள் இப்படி இருப்பது 2004இல் தெரியவந்தது. இந்தத் துண்டுகளிலிருந்தும் ஆர்என்ஏ உருவாகும். ஆகவே பிசிஆரும் வரிசைப்படுத்தலும் ‘வைரஸ் உண்டு’ என்றே சொல்லும், ஆனால் அங்கே வைரஸ் இருக்காது. இதைச் சரிபார்க்க, ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் படியை வேண்டுமென்றே விட்டுவிட்டு அதே பிசிஆரைச் செய்வார்கள். அப்போதும் விடை வந்தால் அது கொசுவின் சொந்த டிஎன்ஏவிலிருந்து வருகிறது. இந்த ஒரு வரி இல்லாத ஏடிஸ் ஆய்வறிக்கையை நான் பாதிதான் நம்புவேன்.

இந்தத் துண்டுகள் வெறும் குப்பையும் இல்லை. 2020இல் வெளியான ஆய்வில், ஏடிஸ் எஜிப்தியின் மரபணுத்தொகுதியிலிருந்த ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டபோது, அதற்கு இணையான வைரஸ் கொசுவின் சூலகத்தில் கூடுதலாகப் பெருகியது. பழைய தொற்றின் மிச்சம் இன்றைய தொற்றைக் கட்டுப்படுத்துகிறது என்று பொருள்.

இரண்டாவது சிக்கல், அது உண்மையில் கொசுவின் வைரஸ்தானா என்பது. குடித்த ரத்தம், குடலிலுள்ள பூஞ்சை, மேலே ஒட்டிய ஒட்டுண்ணி என்று ஏதோ ஒன்றின் வைரஸாக இருக்கலாம். இங்கே கொசுவின் எதிர்ப்பு அமைப்பே சாட்சி சொல்கிறது. கொசுச் செல்லுக்குள் வைரஸ் பெருகினால், டைசர்-2 என்ற நொதி அதன் இரட்டை இழை ஆர்என்ஏவைச் சரியாக 21 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கும். கொசுவின் சிற்றளவு ஆர்என்ஏக்களை மட்டும் வரிசைப்படுத்தி, அந்த வைரஸோடு பொருந்தும் துண்டுகளின் நீளத்தை வரைபடமாக்கினால், 21இல் கூர்மையான ஓர் உச்சி நிற்கும், இரண்டு இழைகளிலிருந்தும் ஏறக்குறையச் சமமாக. வயிற்றில் வெறுமனே கிடக்கும் வைரஸுக்கு இந்த உச்சி வராது.

மூன்றாவது, ஆய்வகக் கலப்படம். கொசுச் செல் வகைகள் சிலவற்றில் பூச்சி வைரஸ்கள் நிரந்தரமாகவே குடியிருக்கின்றன. ஏஏஜி2 என்ற ஏடிஸ் எஜிப்தி செல் வகையில் செல் இணைக்கும் வைரஸும் ஃபாசி சரோன் வகை வைரஸ் என்ற இன்னொரு பூச்சி வைரஸும் இருப்பது தெரிந்த விஷயம். கொசுச் சாறு விடாத வெறும் குடுவை ஒன்றையும் கூடவே வைத்துச் சோதிக்காவிட்டால், குடுவையிலிருந்த பழைய வைரஸ் காட்டிலிருந்து வந்த புதியதாகப் பதிவாகிவிடும்.

‘மனிதரைத் தொற்றாது’ என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

ஒரு வைரஸ் ஒன்றைச் செய்யாது என்று காட்டுவது, செய்யும் என்று காட்டுவதைவிடக் கடினம். இதில் மிகத் தெளிவாகச் செய்யப்பட்ட உதாரணம் எய்லாட் வைரஸ். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1980களின் தொடக்கத்தில் பிடித்த அனோபிலிஸ் குஸ்தானி கொசுக்களிலிருந்து கிடைத்தது. அதன் இயல்பு விரிவாக வெளியானது 2012இல். சிக்குன்குன்யாவின் உறவான இது கொசுச் செல்களில் செழித்து வளர்ந்தது. குரங்கு, வெள்ளெலி, பறவை என்று பல முதுகெலும்பு உயிர்களின் செல்களில் விட்டபோது வளரவில்லை. 37 டிகிரி வெப்பம் ஒத்துக்கொள்ளாததுதான் காரணமோ என்று குறைந்த வெப்பத்திலும் பார்த்தார்கள். மாற்றமில்லை.

அடுத்த படிதான் முக்கியமானது. செல்லின் வாசலில் நுழைய முடியாததுதான் தடை என்றால், வைரஸின் ஆர்என்ஏவை மின் அதிர்வு மூலம் நேரடியாகச் செல்லுக்குள் செலுத்தினால் பெருகியிருக்க வேண்டும். அப்படிச் செலுத்தியும் பெருகவில்லை. நுழைவு ஒரு தடை, உள்ளே ஆர்என்ஏ நகலெடுப்பது இன்னொரு தடை. இரண்டு தனித்தனி நிலைகளில் தடை இருப்பதால், ஓரிரு மரபணு மாற்றத்தில் இது மனிதருக்குத் தாவிவிடும் என்ற கவலை வெகுவாகக் குறைகிறது. வரிசையை மட்டும் பார்த்து ‘பூச்சிக்கே உரியது’ என்று எழுதும் அறிக்கைகளில் இந்தச் சோதனை எதுவும் நடந்திருக்காது. உறவு வைரஸ்களைப் பார்த்துச் செய்த ஊகம் அது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனாலும் ஊகம்தான்.

டெங்குவுக்குத் தடையா, துணையா?

ஏற்கெனவே ஒரு வைரஸ் குடியிருக்கும் செல்லில் அதன் உறவு வைரஸ் எளிதில் பெருகாது என்பது வைராலஜியில் பழைய பாடம். அதனால் பூச்சி வைரஸ்களைக் கொசுக்களில் பரப்பி டெங்குவைத் தடுக்கலாமே என்ற யோசனை எழுந்தது. சான்றுகள் பல பக்கமும் இழுக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் கிடைத்த, பூச்சிக்கே உரிய பாம் கிரீக் வைரஸ், செல்களிலும் க்யூலெக்ஸ் கொசுவிலும் வெஸ்ட் நைல் வைரஸைக் குறைத்தது. தாய்லாந்துக் கொசுவிலிருந்து எடுத்த செல் இணைக்கும் வைரஸைச் செலுத்திய ஏடிஸ் எஜிப்தியில் டெங்குவும் ஜிகாவும் உடலெங்கும் பரவுவது குறைந்ததாக 2019இல் வெளியானது. இவை தடை என்ற பக்கம்.

சிகாகோவில் நேர்மாறு. அங்கே பிடித்த க்யூலெக்ஸ் கொசுக்களில், வெஸ்ட் நைல் இருந்த குழாய்களில் க்யூலெக்ஸ் ஃபிளேவிவைரஸும் இருக்கும் வாய்ப்பு, அதே இடம் அதே காலத்தில் வெஸ்ட் நைல் இல்லாத குழாய்களைவிட நான்கு மடங்கு என்று 2011இல் வெளியானது. ஒன்று மற்றொன்றுக்கு உதவுகிறது என்று இதை வைத்து உடனே முடிவு கட்ட முடியாது. இரண்டும் செழிக்கும் ஒரே சூழல் காரணமாக இருக்கலாம்.

பிரேசிலிலிருந்து 2023இல் வந்த ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. ஃபாசி சரோன் வகை வைரஸ், ஹுமைட்டா-துபியகங்கா வைரஸ் என்ற இரண்டும் உலகின் பல பகுதிகளில் ஏடிஸ் எஜிப்தியில் பரவலாகக் காணப்பட்டன. இரண்டையும் சுமந்த காட்டுக் கொசுக்களில் டெங்கு வைரஸ் கூடுதலாகத் தென்பட்டது. ஆய்வகத்திலும் சோதித்தார்கள். இந்த வைரஸ்கள் உள்ள கொசுவில் டெங்கு வேகமாகப் பரவி உமிழ்நீரை எட்டியது. டெங்கு தொற்றும்போது கொசுவில் குறைய வேண்டிய ஹிஸ்டோன் எச்4 என்ற புரதம் இவற்றால் குறையாமல் நிற்பதே ஒரு காரணம் என்றும் காட்டினார்கள். ரத்தம் குடித்ததிலிருந்து உமிழ்நீரில் வைரஸ் வர டெங்குவுக்கு வழக்கமாக 8 முதல் 12 நாள் பிடிக்கும், கொசுவின் ஆயுளோ சில வாரங்கள்தான். அந்த இடைவெளியில் ஒரு நாள் குறைந்தாலும், கடித்து நோய் பரப்பும் அளவுக்கு உயிரோடிருக்கும் கொசுக்களின் எண்ணிக்கை கூடும்.

முடிவுகள் ஏன் இப்படி மாறுகின்றன? ஒரு காரணம் சோதனைக் கருவியிலேயே இருக்கிறது. தடை காட்டிய ஆய்வுகள் பலவும் சி6/36 செல்களில் நடந்தவை. அந்தச் செல்களில் மேலே சொன்ன 21 எழுத்து நறுக்கும் எதிர்ப்பு அமைப்பு பழுதுபட்டது. வைரஸ் நன்றாக வளர அதுவே வசதி. ஆனால் இரண்டு வைரஸ்களுக்கிடையிலான போட்டியை அங்கே பார்ப்பது, நடுவர் இல்லாத ஆட்டத்தைப் பார்ப்பது போல. காட்டுக் கொசுவில் அந்த நடுவர் இருக்கிறார். எனவே செல் வளர்ப்பில் மட்டும் கிடைத்த தடையை நம்பி களத்தில் வைரஸைப் பரப்பும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். பிரேசில் ஆய்வு போல, உயிருள்ள கொசுவில், உமிழ்நீர் வரை பார்த்த சான்று வேண்டும்.

நடைமுறையில் இதனால் மாறுபவை

கண்காணிப்புச் சோதனையில்தான் விளைவு உடனே தெரியும். கொசுக் குழாய் ஒன்றில் பொதுவான ஃபிளேவிவைரஸ் பிசிஆர் ‘உண்டு’ என்றால், அது வெஸ்ட் நைலாகவோ டெங்குவாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் வெஸ்ட் நைல் தேடிய கண்காணிப்புகளில் பூச்சிக்கே உரிய ஃபிளேவிவைரஸ்கள் பல சிக்கின. கிடைத்த துண்டை வரிசைப்படுத்திப் பெயர் உறுதியாகும் முன் ஓர் ஊருக்கு எச்சரிக்கை விடுவது வீண் பீதி. தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல் வேலூரில். அதைப் பரப்பும் க்யூலெக்ஸ் விஷ்ணுவி கூட்டத்துக் கொசுக்கள் நம் நெல்வயல்களில் இனப்பெருக்கம் செய்பவை. க்யூலெக்ஸ் கொசுக்களில் இந்த ஃபிளேவிவைரஸ்கள் சாதாரணம் என்பதால், பொதுச் சோதனைக்கு அடுத்து, எந்த வைரஸ் என்று அடையாளம் காணும் சோதனை கட்டாயம். காய்ச்சலோடு வரும் மனிதரின் ரத்தப் பரிசோதனைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பூச்சி வைரஸ் மனித ரத்தத்தில் பெருகாது.

ஆய்வகக் கொசுக் கூட்டத்தை வைத்துச் செய்யும் அளவீடுகளையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. ‘இந்த ஊர்க் கொசு டெங்குவை எவ்வளவு பரப்பும்’ என்று அளக்க, கொசுக்களைப் பல தலைமுறை கூண்டில் வளர்ப்பார்கள். கூண்டில் சில வைரஸ்கள் மறைந்துபோகலாம், சில எல்லாக் கொசுக்களுக்கும் பரவிவிடலாம். கொலராடோவின் க்யூலெக்ஸ் கூட்டம் ஒன்றில் க்யூலெக்ஸ் ஃபிளேவிவைரஸ் தாயிடமிருந்து ஏறத்தாழ எல்லாக் குஞ்சுகளுக்கும் போனது. இரண்டு ஊர்க் கொசுக்களுக்கிடையில் வித்தியாசம் தெரிந்தால், அது கொசுவின் மரபணுவாலா அதற்குள்ளிருக்கும் வைரஸாலா என்று இனி பிரித்துச் சொல்ல வேண்டும்.

எதிர்பாராத பயன் தடுப்பூசியில் கிடைத்திருக்கிறது. எய்லாட் வைரஸின் உடலில் சிக்குன்குன்யாவின் வெளிப்புரதங்களைப் பொருத்தினார்கள். கலப்பு வைரஸ் கொசுச் செல்லில் நன்றாகப் பெருகும், வெளித்தோற்றத்தில் அசல் சிக்குன்குன்யா போலவே இருக்கும், ஆனால் விலங்கு உடலில் பெருகாது. ரசாயனம் போட்டு வைரஸைச் செயலிழக்கச் செய்யும் தேவை இல்லாததால் அதன் வடிவம் சிதைவதில்லை. 2017இல் வெளியான ஆய்வில் ஒரே தவணையில் எலிகளுக்கும் குரங்குகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் கிடைத்த, பூச்சிக்கே உரிய பின்ஜாரி வைரஸை வைத்து டெங்கு, ஜிகா, வெஸ்ட் நைல் வெளிப்புரதங்களுக்கு இதே முறையைச் செய்து 2019இல் வெளியிட்டார்கள். இதே கலப்பு வைரஸ்களைச் சோதனைக் கருவிகளில் எதிர்ப்பொருளைப் பிடிக்கும் பொருளாகவும் பயன்படுத்தலாம். உயர் பாதுகாப்பு ஆய்வகம் இல்லாமலே தயாரிக்க முடியும் என்பது, அப்படிப்பட்ட ஆய்வகங்கள் குறைவாக உள்ள நாடுகளுக்கு உண்மையிலேயே பெரிய வசதி.